முப்பத்தெட்டுப் பேரும் ஏறிவிட்டார்கள்

இது நடந்த சம்பவம். கதையாக இருந்திருந்தால் நான் இன்றைக்கும் அந்த வேலையில் இருந்திருப்பேன். நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பு இல்லை.

தேதி 2014 அக்டோபர் 29, புதன்கிழமை. நேரத்தையெல்லாம் இருபத்துநாலு மணிக் கணக்கில், நிமிஷத்தோடு எழுதுகிறேன். பயண அறிக்கையில் நானே என் கையால் எழுதிய நேரங்கள் அவை. அதன் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

என் பெயர் ஹிரோயே. ஜப்பானில், செந்தாய் நகரத்திலிருந்து கிளம்பும் சுற்றுலா பஸ்களில் இருபத்திரண்டு வருஷம் கைடாக இருந்தேன். அக்டோபர் கடைசி வந்தால், உதிரும் முன் சிவக்கிற இலைகளைப் பார்க்கப் பாதி நாடு கிளம்பிவிடும். எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. மைக்கில் பேசுவது, சிரிப்பது, ஆரஞ்சு கொடுப்பது எல்லாம் சும்மா. உண்மையான வேலை ஒன்றே ஒன்றுதான். எத்தனை பேரைக் கூட்டிப் போனோமோ அத்தனை பேரையும் கூட்டி வர வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒருவரைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை. எனக்கு இருந்த பெருமையே அது ஒன்றுதான். அதில்தான் மண் விழுந்தது.

பஸ்ஸில் நாங்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். நாலு பேர் காதில் விழப் பெயரைச் சொன்னால் தாமதமாக வந்தவருக்கு அவமானம். அதனால் தலையை மட்டும் எண்ணுவோம். கையில் ஒரு சின்னக் கருவி இருக்கும். கட்டை விரலால் அழுத்தினால் டிக்... ஒன்று. டிக்... இரண்டு. எண் சரியாக வந்தால் பஸ் கிளம்பும். பயணிகளும் அப்படித்தான். எதைப் பார்த்தாலும் வாயைத் திறக்க மாட்டார்கள். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். எங்கள் ஊரில் பேயைக் கண்டாலும் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தொந்தரவு இல்லாமல்தான் பயப்படுவோம்.

அன்றைக்கு முப்பத்தெட்டுப் பேர். ஏழாவது வரிசை, இடப்பக்கம், ஒனோதெரா தம்பதி. கணவர் யசுஜிக்கு எழுபத்தொன்று. மனைவி தொமியேவுக்கு அறுபத்தாறு. காலையில் ஏறும்போதே அந்த மனுஷன் ஆரம்பித்துவிட்டார்.

"மணி ஏழு முப்பத்திரண்டு. பஸ் ஏன் கெளம்பல? ரெண்டு நிமிஷம் என்ன உங்கப்பன் வீட்டுதா?"

"மன்னிச்சுக்குங்க, இதோ கெளம்பிருச்சு" என்றேன்.

அடுத்து மனைவி பக்கம் திரும்பினார். "ஏய், பிளாஸ்க் எங்க? வீட்லயே வெச்சுட்டு வந்துட்டியா? உன் மண்டையில என்னதான் இருக்கு?"

பிளாஸ்க் அவர் காலடியில் இருந்த பையிலேயே இருந்தது. அந்த அம்மா குனிந்து எடுத்துக் கொடுத்தார். சுற்றியிருந்தவர்களைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். முன்சீட்டில் தோழியோடு வந்திருந்த கிக்குயே என்ற விதவை அம்மா என் காதருகே சொன்னார். "என் வீட்டுக்காரரும் இப்படித்தான் இருந்தாரு. செத்து, போட்டோவா மாட்டினப்பறம்தான் சிரிச்ச முகமா ஆனாரு."

பதினொன்று ஐம்பதுக்கு மதியச் சாப்பாடு. காளான் சூப், கஷ்கொட்டை போட்ட சோறு. யசுஜி தன் கிண்ணத்தை முடித்துவிட்டு மனைவியின் கிண்ணத்திலிருந்த கொட்டைகளைக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார். "உனக்கு எதுக்கு? செரிக்காது." அந்த அம்மா வெறும் சோற்றைச் சாப்பிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. சூப்பை அப்படியே அந்த ஆள் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது. கவிழ்க்கவில்லை. சிரித்துக்கொண்டே டீ ஊற்றினேன். என் சம்பளமே அதற்குத்தான்.

பதினான்கு பத்துக்குப் பள்ளத்தாக்கு வந்தது. அந்த இடத்தின் பெயரை எழுத மாட்டேன். அங்கே கடை வைத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வருஷம் இலை பிரமாதம். எதிர்ச் சரிவு முழுக்கச் சிவப்பும் மஞ்சளும். பஸ்ஸே ஜன்னல் பக்கம் சாய்ந்தது. யசுஜி மட்டும், "டிவியில இதைவிடச் சிவப்பா காட்டுனான்" என்றார்.

நான் மைக்கில் மூன்று முறை சொன்னேன். ஆற்றுக்கு முந்நூறு படி இறங்க வேண்டும். முந்தாநாள் மழை பெய்ததால் பாறை வழுக்கும். வேலியைத் தாண்டாதீர்கள். பதினைந்து இருபதுக்கு பஸ் கிளம்பும்.

"எனக்குப் பாடம் எடுக்கறியா?" என்று சொல்லிவிட்டு யசுஜி இறங்கினார். பத்தடி முன்னால் அவர் நடந்தார். பின்னால் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு அந்த அம்மா.

பதினைந்து பதினேழு. முப்பத்தாறு பேர் ஏறியிருந்தார்கள். அந்த இருவர் மட்டும் பாக்கி.

டிரைவர் குமகாய் என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தார். "அக்கா, இன்னும் அஞ்சு நிமிஷம் போனா பாலத்து நெரிசல்ல மாட்டிக்குவோம். அப்பறம் ஒன்பது மணிக்குக்கூட ஊர் போய்ச் சேர மாட்டோம்."

"வந்துருவாங்கப்பா. பொறு."

பதினைந்து இருபத்திரண்டு. படி ஏறித் தொமியே வந்தார். மூச்சு வாங்கவில்லை. இரண்டு தோளிலும் பை. முகம் வெளுத்திருந்தது. அவருக்குப் பின்னால்... பத்தடி தள்ளி... அவர்.

பின்னால் நடந்து வந்தார். அதை நான் கவனித்தேன். கவனித்தும் ஒன்றும் நினைக்கவில்லை. ஏறும்போது என்னைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். காலையிலிருந்து இதுவே முதல் தடவை. காலையில் போட்டிருந்த பழுப்புத் தொப்பி தலையில் இல்லை.

நடைபாதையில் போய் எண்ணினேன். டிக். டிக். டிக்.

முப்பத்தெட்டு.

"எல்லாரும் ஏறிட்டாங்க. போலாம்" என்றேன். மணி பதினைந்து இருபத்துநாலு.

முதல் அரைமணி நேரம் நிம்மதியாக இருந்தது. சொல்லப்போனால் ரொம்ப நிம்மதியாக இருந்தது. குமகாய் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "என்னக்கா, பெருசு சத்தமே காணோம். பேட்டரி தீந்துபோச்சா?"

"வாயை மூடிட்டு ஓட்டு. கிடைச்சவரைக்கும் லாபம்."

வெளியே குளிர் ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் எல்லாம் மூச்சுக்காற்றில் மங்கிவிட்டன. சின்னப் பிள்ளைகள் போல இரண்டு பேர் கண்ணாடியில் விரலால் படம் வரைந்தார்கள். பதினாறு ஐந்துக்கு நான் ஆரஞ்சுக் கூடையோடு எழுந்தேன்.

ஏழாவது வரிசை ஜன்னல் மட்டும் மங்கவில்லை. துடைத்து வைத்தது போல் இருந்தது. அதன் ஓரத்தில்தான் யசுஜி உட்கார்ந்திருந்தார்.

ஆரஞ்சை நீட்டினேன். வாங்கினார். உரித்தார். மெதுவாக... ஒரு நார்கூட இல்லாமல் எடுத்தார். சுளைகளைத் தொமியேவின் கைக்குட்டை மேல் ஒவ்வொன்றாக அடுக்கினார். தனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை.

அவருடைய சட்டைக் கை நனைந்திருந்தது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஐயா, நனைஞ்சிருக்கீங்களே. துண்டு தரட்டுமா?"

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். தொமியே சட்டென்று குறுக்கிட்டார்.

"வேணாம். நல்லா இருக்காரு."

ஆற்றுத் தண்ணீர் வாடை அடித்தது. பாசி வாடை.

எட்டாவது வரிசைக்காரர் என் கையைத் தொட்டார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். "கைடம்மா, பின்னால எடம் இருந்தா மாறிக்கட்டுமா? இங்க... கொஞ்சம் குளுருது."  பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார்.

ஆறாவது வரிசையில் ஒரு பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் ஊர் வரும்வரை திரும்பவே இல்லை.

பதினாறு நாற்பது. குகைப் பாதை. பஸ்ஸின் விளக்கு மஞ்சளாக எரிந்தது.  இன்ஜின் சத்தம். அதற்கு நடுவே...

டொக்.

டொக்.

ரப்பர் விரிப்பின் மேல் தண்ணீர் சொட்டும் சத்தம்.

பதினாறு ஐம்பத்தைந்துக்கு நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தினோம். முப்பத்தாறு பேர் இறங்கினார்கள். இறங்கிய வேகத்தைச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கழிப்பறை அவசரம் வந்தது போல் இறங்கினார்கள். அவர்கள் இருவர் மட்டும் இறங்கவில்லை.

பதினேழு ஆறு. எல்லோரும் திரும்பி ஏறிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. பள்ளத்தாக்கு நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் அம்மா.

"கைடம்மா, ஒரு தொப்பி கெடைச்சிருக்கு. பிரவுன் கலரு. உள்ள ஒனோதெரான்னு எழுதியிருக்கு. வேலிக்கு அந்தப் பக்கம், பாறை மேல கெடந்துச்சாம். உங்க ஆளுங்க எல்லாரும் ஏறிட்டாங்கல்ல? இருட்டிருச்சு. யாராச்சும் கொறைஞ்சா சொல்லுங்க, இப்பவே நாலு பேரைக் கூட்டிட்டு எறங்கித் தேடச் சொல்றேன்."

 "ஒரு நிமிஷம் இருங்க" என்றேன்.

போனைக் காதில் வைத்தபடியே எண்ணினேன்.

முப்பத்தெட்டு.

ஏழாவது வரிசை முன்னால் நின்றேன். விளக்கு வெளிச்சத்தில் அவர் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தேன். அதே மூக்கு. அதே மச்சம். காது மடலுக்குக் கீழே ஒரு சிவப்பு இலை ஒட்டியிருந்தது. கழுத்து அசையவில்லை. மூச்சு வாங்குகிற மாதிரி நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

அல்லது நான் அப்படி நினைத்தேன். அந்த நொடியில் எனக்கே தெரியவில்லை.

"ஐயா... உங்க தொப்பி?"

தொமியே அவர் கையின் மேல் தன் கையை வைத்தார். அந்த ஈரக் கையை இறுக்கிப் பிடித்தார். என் கண்ணை நேராகப் பார்த்தார்.

"தொப்பி காத்துல போயிருச்சு. ஆள் இங்கதானே இருக்காரு."

"நிச்சயமா, அம்மா?"

"என் வீட்டுக்காரரை எனக்குத் தெரியாதா?"

அந்த ஆளும் மெதுவாகத் தலையாட்டினார். முப்பத்தாறு பேர் எங்களைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் போதும். ஒரே ஒருத்தர்...

நான் போனில் சொன்னேன். "ஆள் இங்கதான் இருக்காரு. தேட வேணாம்."

"அப்பாடா. நல்லவேளை" என்று டீக்கடை அம்மா போனை வைத்தார்.

மணி பதினேழு பத்து.

பதினெட்டு நாற்பத்திரண்டுக்கு செந்தாய் ரயில் நிலையம். அவர் முதலில் இறங்கினார். இரண்டு பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். திரும்பி, மனைவிக்குக் கை கொடுத்தார். தொமியே அந்தக் கையைப் பிடித்து இறங்கினார். கூட்டத்தில் கலந்து போனார்கள். ஒருவரும் அவர்களுக்கு விடை கொடுக்கவில்லை.

ஏழாவது வரிசை ஜன்னல் சீட்டைக் குமகாய் பிழிந்தார். ஒரு வாளித் தண்ணீர். நடுவில் ஆற்று மணல்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் போலீஸ் வந்தது.

இலைகளைப் படம் பிடிக்க வந்த ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம் பாறை இடுக்கில் ஒரு ஆள் செத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். சட்டைப் பையில் காப்பீட்டு அட்டை. ஒனோதெரா யசுஜி. தம்பி வந்து பார்த்து, அண்ணன்தான் என்று உறுதி சொல்லிவிட்டார். வலது கால் முறிந்திருந்தது. வேறு பெரிய காயம் எதுவும் இல்லை. குளிரில்தான் செத்திருக்கிறார்.

"எப்போ?" என்று கேட்டேன்.

"வியாழக்கிழமை விடிகாலை. நாலு மணி வாக்குல."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பதினேழு பத்துக்கு அவர் உயிரோடு இருந்திருக்கிறார். அதற்கப்புறமும் பதினோரு மணி நேரம் இருந்திருக்கிறார். விழுந்த இடத்திலிருந்து நாற்பது மீட்டர் தவழ்ந்த தடம் இருந்ததாம். அன்றைக்கே யாராவது இறங்கியிருந்தால் அரைமணியில் தூக்கியிருப்பார்கள் என்று அந்தப் போலீஸ்காரர் சொன்னார். மனசு நோகும் என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

தேட வேணாம். அந்த இரண்டு வார்த்தையையும் சொன்னது நான்.

பயணிகளையும் விசாரித்தார்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள், அவர் பஸ்ஸில் இருந்தார் என்று. அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஆசிரியர் சொன்னாராம்: "பின் கழுத்துல தண்ணி வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கேக்கலாமான்னு நெனச்சேன். தப்பா எடுத்துப்பாங்களோன்னு விட்டுட்டேன்." கிக்குயே அம்மா சொன்னாராம்: "ஏறறப்பவே பாத்தேன், நகமெல்லாம் நீலமா இருந்துச்சு. ஆனா நான் எப்படிங்க போய்ச் சொல்றது?"

எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எல்லோருக்கும் மரியாதை பெரிதாகிவிட்டது. கடைசியில் கம்பெனி முடிவு செய்தது, கைடு தப்பாக எண்ணிவிட்டாள் என்று. முப்பத்தேழை முப்பத்தெட்டு என்று எண்ணிவிட்டாளாம். இருபத்திரண்டு வருஷ வேலை ஒரு தாளில் முடிந்தது. நான் எதிர்த்துப் பேசவில்லை. என்னவென்று பேசுவது?

டிசம்பர் 17. அவர் இறந்து நாற்பத்தொன்பதாம் நாள். எங்கள் வழக்கப்படி அன்றைக்கு வீட்டில் பூஜை இருக்கும், உறவெல்லாம் வரும். கறுப்பு உடுத்தி, இனிப்புப் பெட்டியோடு மன்னிப்புக் கேட்கப் போனேன். மணி பதினாறு முப்பது.

வாசலில் வேறு செருப்பு எதுவும் இல்லை. ஊதுபத்தி வாசனையும் இல்லை.

தொமியே கதவைத் திறந்தார். கன்னம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. நான் தரையில் நெற்றி படக் குனிந்தேன். 

"எந்திரிங்க கைடம்மா. நீங்க என்ன பண்ணீங்க, பாவம். சொன்னது நான்தானே."

"அம்மா... உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

அவர் குனிந்து, நான் கழற்றிய காலணியைத் திரும்பிப் போக வசதியாக வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"வேலியைத் தாண்டுனாத்தான் போட்டோ நல்லா வரும்னு போனாரு. சறுக்கிட்டாரு. கீழேருந்து கூப்பிட்டாரு. தொமியே, தொமியேன்னு. கல்யாணமாகி நாப்பத்தோரு வருஷத்துல என் பேரைச் சொன்னது அன்னிக்குத்தான்."



"ரெண்டு பையையும் எடுத்துக்கிட்டுப் படியேற ஆரம்பிச்சேன். நூறு படி ஏறியிருப்பேன். கீழே அவர் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாரு. பின்னால இன்னொரு காலடிச் சத்தம் கேட்டுது. திரும்பிப் பாத்தா... இவரு."

"இவருன்னா?"

வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. உங்கப்பன் வீட்டுதா என்று என்னைக் கேட்ட அதே குரல்.

"தொமியே, வெந்நீர் ரெடியாயிருச்சு. நீ முதல்ல குளி."

"இதோ வர்றேங்க" என்றார் தொமியே. என் இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கதவு மெதுவாக மூடிக்கொண்டது.

நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை.

சாவு விழுந்த வீட்டிலிருந்து அந்த வருஷம் புத்தாண்டு வாழ்த்து வராது. துக்கம் என்று முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுவார்கள். இது எங்கள் நாட்டில் குழந்தைக்கும் தெரியும். 2015 ஜனவரி 1, காலை ஒன்பது மணி. என் தபால் பெட்டியில் வந்திருந்த புத்தாண்டு அட்டைக் கட்டின் மேலாக ஒரு வாழ்த்து அட்டை இருந்தது. ஒனோதெரா வீட்டிலிருந்து. கீழே இரண்டு பெயர், இரண்டு கையெழுத்து. தடித்த எழுத்தை யசுஜியின் தம்பியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணன் எழுத்துதான் என்றார். அட்டையைத் திரும்ப என் கையில் கொடுக்காமல் மேஜை மேல் வைத்தார்.

அந்த எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது.

"சென்ற பயணத்தில் ஒருவரையும் விட்டுவிடாமல் அழைத்து வந்தீர்கள். மிக்க நன்றி."